காய்ச்சாத பசும்பால், பாஸ்டரைஸ் பால், வீட்டில் ஒரு கர்ப்பிணி: ஒரு விரிவான பதில்

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய மாமி ஹோமாகமப் பக்கத்தில் மாடு வளர்க்கும் ஒருவரிடம் தினமும் போத்தலில் பசும்பால் எடுக்கிறார். இதுவரை காய்ச்சித்தான் குடித்தார்கள். இப்போது யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "காய்ச்சினால் சத்தெல்லாம் போய்விடும், பச்சையாகக் குடிக்கிறதுதான் நல்லது" என்று மாமி சொல்கிறாராம். வீட்டில் மச்சாள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவருக்கும் அப்படியே கொடுக்கப் பார்க்கிறார். கடையில் வாங்கும் பாஸ்டரைஸ் (கிருமி சாக அளவாகச் சூடாக்கிய) பாலைத் திரும்பக் காய்ச்ச வேண்டுமா, தயிரும் சீஸும் எப்படி, இதற்கெல்லாம் இங்கே சட்டம் ஏதும் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறார். பால் பரிசோதனைக் கூடத்தில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அவசரமான விஷயம். மச்சாளுக்குப் பச்சைப் பால் ஒரு மிடறும் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே குடித்திருந்தால் பதற வேண்டியதில்லை, பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஆனால் இனி வரும் வாரங்களில் காய்ச்சல், உடம்பு உளைவு, குளிர், வயிற்றோட்டம் என்று எது வந்தாலும் பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள். போனதும் "காய்ச்சாத பால் குடித்தேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். லிஸ்டீரியா என்ற பக்டீரியா தாய்க்குச் சாதாரணத் தடிமன் காய்ச்சல் போலத்தான் வரும். அதே நேரத்தில் குழந்தையைத் தாக்கிவிடும். கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம். குடித்த சில நாட்களிலும் நோய் வரலாம், இரண்டு மாதம் கழித்தும் வரலாம். அதனால்தான் எதனால் வந்தது என்று பலருக்கும் நினைவே வருவதில்லை. இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிட்டால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இருக்கிறது. வைத்தியருக்குச் சந்தேகம் வர வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சந்தேகத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

சரி, இனி மாமியின் வாதத்துக்கு வருவோம். "எங்கள் ஊரில் எல்லாரும் பசும்பால் குடித்துத்தானே வளர்ந்தோம்" என்று அவர் சொல்லக்கூடும். வளர்ந்தது உண்மை. ஆனால் எப்படிக் குடித்தோம்? புதுவீட்டுக்குப் போனால் முதல் வேலையாகப் பால் காய்ச்சுகிற சனம் நாங்கள். யாழ்ப்பாணத்திலும் சரி, மட்டக்களப்பிலும் சரி, கொட்டாஞ்சேனையிலும் சரி, பால் வந்ததும் அடுப்பில் ஏற்றுவதுதான் அம்மம்மாவின் முதல் வேலை. பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததற்கு ஏச்சு வாங்காத பிள்ளை எந்த வீட்டில் இருந்தது? பச்சைப் பால் மோகம் எங்கள் பழக்கத்தில் இருந்து வந்ததில்லை. பாஸ்டரைஸ் செய்த பாலை மட்டுமே பல தலைமுறையாகப் பார்த்து, அது அலுத்துப்போன நாடுகளில் இருந்து வந்தது. அதை இங்கே "பாரம்பரியம்" என்று சொல்லி விற்கும்போது எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கிறது.

பால் மாட்டின் மடிக்குள் இருக்கும்போது ஏறக்குறைய சுத்தமானதுதான். வெளியே வரும் வழியில்தான் எல்லாம் சேர்கிறது. கறப்பவரின் கை, காம்பில் ஒட்டிய சாணம், வாலடியில் பறக்கும் தூசு, கழுவினாலும் கழுத்தடியில் பிசுபிசுப்புப் போகாத போத்தல். மாட்டைக் கழுவி, காம்பைத் துடைத்துக் கறந்தாலும் மாட்டுக் குடலில் உள்ளதில் ஒரு துளி பாலுக்கு வராமல் தடுப்பது கடினம். சால்மொனெல்லா, கம்பைலோபக்டர், ஈ கோலை ஓ157 என்ற மூன்று பக்டீரியாக்களும் மாட்டுக்கு ஒரு வருத்தமும் கொடுக்காமல் அதன் குடலில் இருக்கக்கூடியவை. ஈ கோலை ஓ157 சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தையே பழுதாக்கிவிடும். அதற்கு மிகக் கொஞ்சம் கிருமி போதும்.

மாட்டுக்கே நோய் இருந்தால் அது வேறு கதை. மடிவீக்கம் வந்த மாட்டில் ஸ்டெபிலோகொக்கஸ் என்ற பக்டீரியா பாலோடு சேர்ந்தே வரும். நல்ல பண்ணைக்காரர் கறக்கத் தொடங்கும்போது முதல் சில பீச்சைக் கறுப்பு நிறக் கிண்ணத்தில் பிடித்துப் பார்ப்பார். பாலில் சின்னச் சின்னத் திரள் தெரிந்தால் அந்த மாட்டின் பாலை ஒதுக்கிவிடுவார். ஆனால் வெளியே தெரியாத மடிவீக்கமும் உண்டு. பால் பார்க்க வெள்ளையாக, மணமாக, நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் புருசெல்லோசிஸ். மாடு சினைப்பட்டுக் கடைசி மாதங்களில் நாள் நிறையும் முன்பே கன்றைப் போட்டுவிட்டது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இலங்கையிலும் மாடுகளில் இருக்கிற நோய்தான். மனிதருக்கு வந்தால் மாலையில் ஏறிக் காலையில் இறங்கும் காய்ச்சல், துணி நனையும் வியர்வை, முதுகும் மூட்டும் உளைவு என்று வாரக்கணக்கில் இழுக்கும். இரண்டு வகை மருந்து சேர்த்து ஆறு வாரம் எடுக்க வேண்டும். டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று அலைந்து திரிந்த பிறகுதான் பலருக்கு இது பிடிபடுகிறது. ஆட்டுப்பாலிலும் இதன் இன்னொரு வகை வரும், அது இன்னும் கடுமையானது. சளிக்கு நல்லது என்று பிள்ளைகளுக்கு ஆட்டுப்பால் பச்சையாகக் கொடுக்கும் வீடுகள் கொழும்பில் இன்னும் இருக்கின்றன. தயவு செய்து அதையும் நிறுத்துங்கள்.

இன்னொன்று நேரம். மாட்டின் உடல் சூடு 38 பாகையை ஒட்டியது. பால் வெளியே வரும்போதும் கிட்டத்தட்ட அதே சூடுதான். கறந்ததும் 4 பாகைக்குக் குளிர வைத்தால் கிருமி ஏறக்குறைய உறங்கிவிடும். கொழும்பின் 30 பாகை வெயிலில் மோட்டார் சைக்கிளில் கட்டி, ஹைலெவல் வீதி நெரிசலில் நின்று வந்தால் அரை மணிக்கு ஒரு தடவை இரட்டிக்கும். புதுப் பாலில் இயற்கையாகவே கிருமியை மட்டுப்படுத்தும் நொதி ஒன்று இருக்கிறது. அது ஒன்றிரண்டு மணித்தியாலம்தான் தாக்குப்பிடிக்கும்.

பால் சேகரிக்கும் நிலையங்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருந்தால் இது எளிதாக விளங்கும். கேனைத் திறந்ததும் முதலில் மணந்து பார்ப்பார்கள். பால்மானியை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலப்பைப் பார்ப்பார்கள். பிறகு ஒரு சின்னக் குழாயில் பாலும் அதே அளவு அல்ககோலும் ஊற்றிக் குலுக்குவார்கள். குழாயின் பக்கத்தில் மெல்லிய திரி ஒட்டினால் பால் புளிக்கத் தொடங்கிவிட்டது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இதே பரிசோதனையை அடுப்பே செய்துவிடுகிறது. காய்ச்சும்போது பால் திரிந்தால் அதற்குள் பக்டீரியா பெருகிக் குவிந்துவிட்டது என்று அர்த்தம். திரிந்ததைப் பிழிந்து சீனி போட்டுப் பலகாரம் செய்கிற பழக்கம் உண்டு. நீங்களே எலுமிச்சம்புளி விட்டுத் திரித்த பால் என்றால் செய்யுங்கள். தானாகத் திரிந்த பச்சைப் பால் என்றால் கொட்டிவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

பாஸ்டரைஸ் என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை, அளந்து சூடாக்குவதுதான். லூயி பாஸ்டர் 1860களில் இதை வைன் கெட்டுப்போகாமல் இருக்கத்தான் கண்டுபிடித்தார். பாலுக்குக் கொண்டுவரலாம் என்று 1886இல் சொன்னவர் ஜெர்மனியின் ஃபிரான்ஸ் வொன் சொக்ஸ்லெட். இன்று பொதுவான அளவு இரண்டு: 63 பாகையில் 30 நிமிடம், அல்லது 72 பாகையில் 15 செக்கன். பாலில் வரக்கூடிய, வித்து (சூட்டைத் தாங்கும் கடின உறை) உண்டாக்காத நோய்க்கிருமிகளில் சூட்டை அதிகம் தாங்குவது கியூ காய்ச்சலை உண்டாக்கும் கொக்ஸியெல்லா. அதுவே சாகும் அளவுக்குத்தான் இந்தச் சூட்டை வைத்திருக்கிறார்கள். ஆகவே மற்றவையும் சேர்ந்து சாகும். 2024இல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்து பச்சைப் பாலில் வைரஸ் நிறைந்திருந்தபோதும், பாஸ்டரைஸ் செய்யும் சூடு அதைச் செயலிழக்க வைத்தது.

சூடு சரியாகப் பட்டதா என்று எப்படித் தெரியும்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை. பச்சைப் பாலில் பொஸ்பட்டேஸ் என்ற நொதி இருக்கும். நோய்க்கிருமி சாகத் தேவையான சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டில்தான் அது அழியும். பாலில் ஒரு இரசாயனக் கரைசலைச் சேர்த்து இளஞ்சூட்டில் வைப்போம். நொதி மிச்சம் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். நிறமே வராவிட்டால் சூடு பட்டிருக்கிறது. குழாயில் லேசாக மஞ்சள் தட்டினாலும் அந்தத் தொகுதி வெளியே போகக் கூடாது. சூடு குறைந்தாலும் காட்டிக்கொடுக்கும், பச்சைப் பால் கொஞ்சம் கலந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

கலப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1985இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் மெக்சிக்கோ பாணி மென்மையான சீஸ் ஒன்றால் லிஸ்டீரியா பரவியது. 142 பேருக்கு நோய். அவர்களில் 93 பேர் கர்ப்பிணிகளும் அவர்களின் சிசுக்களும். கருவில் இருந்த குழந்தைகளையும் சேர்த்து 48 உயிர்கள் போயின. பாஸ்டரைஸ் செய்த பாலோடு பச்சைப் பால் கலந்திருந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் வந்தது. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, அதேதான். அந்தத் தாய்மார் யாரும் பச்சைப் பால் குடிக்க நினைத்தவர்கள் இல்லை. தங்கள் வீட்டில் எப்போதும் சாப்பிடும் சீஸைத்தான் சாப்பிட்டார்கள்.

இனி சத்துக் கணக்கு. கல்சியம் சூட்டில் எங்கும் போகாது, அது ஒரு கனிமம். புரதமும் கொழுப்பும் சக்தியும் அப்படியே இருக்கும். புரதத்தின் வடிவம் கொஞ்சம் மாறும், ஆனால் உடம்புக்குக் கிடைப்பது குறையாது. குறைவது விட்டமின் பி1, பி12, சி போன்றவற்றில் ஒரு சிறு பங்கு. விட்டமின் சிக்காக யாரும் பால் குடிப்பதில்லை, பாதிக் கொய்யாப்பழம் அதைவிடப் பல மடங்கு தரும். வீட்டில் நெடுநேரம் கொதிக்க விட்டால் இழப்பு கூடும், அதனால்தான் அளவாகக் காய்ச்சச் சொல்கிறோம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பச்சைப் பால் ஒத்துக்கொள்ளும் என்று ஒரு கதை ஓடுகிறது. ஒத்துக்கொள்ளாமல் போவதற்குக் காரணமான பாற்சீனி (லக்டோஸ்) பச்சைப் பாலிலும் அதே அளவுதான். அதைச் செரிக்கிற நொதி பசுவின் பாலில் இல்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வீடியோக்களில் இதைத்தான் காட்டுவார்கள். ஜெர்மனி, ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்துப் பண்ணைகளில் பச்சைப் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. 2011இல் வந்த கப்ரியேலா ஆய்வு அவற்றில் முக்கியமானது. இது பொய்யில்லை. ஆனால் அதே ஆய்வாளர்களே, நோய்க்கிருமி ஆபத்து இருப்பதால் பச்சைப் பாலைப் பரிந்துரைக்க முடியாது என்று எழுதினார்கள். அவர்கள் தேடுவது பாலில் உள்ள எந்தப் பொருள் அந்தப் பலனைத் தருகிறது என்பதையும், அதை அழிக்காமல் கிருமியை மட்டும் எடுக்கும் வழியையும். ஆய்வின் முதல் பாதியைப் படித்துக் காட்டிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுவது நேர்மையில்லை.

"வெளிநாட்டில் விற்கிறார்களே" என்றும் கேட்பார்கள். விற்கிறார்கள், ஆனால் எப்படி விற்கிறார்கள் என்று பாருங்கள். ஜெர்மனியில் பண்ணையில் போய்ப் பச்சைப் பால் வாங்கலாம். "குடிக்கும் முன் காய்ச்சவும்" என்ற அறிவிப்பை அங்கே வைத்தே ஆக வேண்டும். இங்கிலாந்தில் பண்ணைக்காரர் நேரடியாக வாங்குபவருக்கு மட்டும் விற்கலாம், போத்தலில் எச்சரிக்கை வேண்டும், பரிசோதனையும் நடக்கும். ஸ்கொட்லாந்து 1983இலேயே விற்பனையைத் தடை செய்துவிட்டது. கனடாவில் விற்கவே முடியாது. அமெரிக்காவில் 1987இல் இருந்து மாநிலம் விட்டு மாநிலம் பச்சைப் பால் விற்பதற்குத் தடை, மாநிலத்துக்குள் அந்தந்த மாநிலத்தின் சட்டம். அனுமதிக்கிற நாடுகளில்கூட மாட்டுக்கு நோய்ப் பரிசோதனை, பாலில் கிருமி எண்ணிக்கை, கறந்ததும் குளிரூட்டல் என்று ஒரு வேலியே இருக்கிறது. ஹோமாகமவில் இருந்து வரும் அந்தப் போத்தலுக்குப் பின்னால் அந்த வேலி இல்லை. உங்கள் வீட்டு அடுப்பு மட்டும்தான் வேலி.

இப்போது மறுபக்கம். பாஸ்டரைஸ் என்று அச்சடித்துவிட்டால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் 13,000க்கும் மேற்பட்டவர்கள் பாலால் நோயுற்றார்கள். ஆரம்பம் ஒரு மின்வெட்டு. ஹொக்கைடோவில் ஒரு தொழிற்சாலையில் சில மணித்தியாலம் மின்சாரம் போக, சூடாக நின்ற பாலில் ஸ்டெபிலோகொக்கஸ் பெருகியது. பிறகு சூடாக்கியபோது கிருமி செத்தது. அது கக்கிவைத்த நஞ்சு சாகவில்லை, ஏனென்றால் அந்த நஞ்சு கொதிநிலையையும் தாங்கும். அந்தப் பாலில் செய்த ஆடை நீக்கிய பால்மா ஒசாகா வரை போய்ச் சனத்தை வாந்தியெடுக்க வைத்தது. தானாகத் திரிந்த பாலைக் கொட்டச் சொன்னது இதனால்தான். சூடு உயிரோடு இருக்கும் கிருமியைக் கொல்லும், அது விட்டுச்சென்றதைக் கழுவாது. மாட்டுக்கு ஊசி போட்ட மருந்தின் மிச்சமும், பூஞ்சணம் பிடித்த தீனியில் இருந்து வரும் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சும் அப்படித்தான். அடுப்பு அவற்றை எடுக்காது, பண்ணையில்தான் தடுக்க வேண்டும்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். ஆகவே ஜப்பான் கதை தூரத்துக் கதை இல்லை. மின்வெட்டு நேரத்தில் பிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் திறந்த பாலை நம்ப வேண்டாம்.

கொழும்புக் கடையில் வாங்குவது மூன்று வகை. குளிர் அலுமாரியில் இருக்கும் பை அல்லது போத்தல்தான் பாஸ்டரைஸ் பால். குளிரில் சில நாட்கள்தான் இருக்கும். அறையில் தட்டில் அடுக்கியிருக்கும் காகிதப் பெட்டி யூஎச்டி, 135 பாகைக்கும் மேலே சில செக்கன் சூடாக்கியது, திறக்கும்வரை குளிர் தேவையில்லை. கண்ணாடிப் போத்தலில் வரும் வாசனைப் பால் கிருமி முற்றாக நீக்கியது, போத்தலோடு சேர்த்தே நெடுநேரம் சூடாக்கியது. பையில் வரும் பாலைத் திரும்பக் காய்ச்ச வேண்டுமா என்று கேட்டீர்கள். பாலுக்காக என்றால் தேவையில்லை. ஆனால் கடைக்காரர் இரவில் குளிர் அலுமாரியை அணைத்துவிடுகிறாரா, பை லொறியில் இருந்து இறங்கி எவ்வளவு நேரம் வாசலில் கிடந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கர்ப்பிணியும் சின்னப் பிள்ளையும் இருக்கும் வீட்டில் ஒரு தடவை காய்ச்சிக் கொடுப்பதில் ஒரு நட்டமும் இல்லை. தொட்டுப் பார்த்துக் குளிர்ச்சி குறைவாக இருந்தால் அந்தக் கடையில் வாங்கவே வேண்டாம். பை உப்பியிருந்தால் உள்ளே வாயு உண்டாகிறது, திருப்பிக் கொடுங்கள். கடையில் மற்ற எல்லாம் எடுத்த பிறகு கடைசியாகப் பாலை எடுங்கள். யூஎச்டி பெட்டியைத் திறந்துவிட்டால் அதுவும் சாதாரணப் பால்தான், பிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். பெட்டியில் வாய் வைத்துக் குடிக்க யாரையும் விடாதீர்கள்.

பசும்பாலைக் காய்ச்சும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பொங்கி எழுந்ததும் அணைக்காமல், தீயைக் குறைத்து அடியோடு கிளறி இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். நுரை எழுவதும் முழுப் பாலும் கொதிப்பதும் ஒன்றில்லை. பிறகு பாத்திரத்தை மூடி, தண்ணீர் உள்ள தாச்சிக்குள் இறக்கி விரைவாக ஆற வைத்து பிரிட்ஜுக்குள் வையுங்கள். ஆறட்டும் என்று மேசையில் மத்தியானம் வரை விடக் கூடாது. பச்சைப் பால் எடுத்த கரண்டியைக் காய்ச்சிய பாலுக்குள் போடக் கூடாது. மைக்ரோவேவில் சூடு சமமாகப் படாது, அதை நம்ப வேண்டாம். சிலர் கொதிக்கும் தேயிலைச் சாயத்துக்குள் பச்சைப் பாலை ஊற்றினால் போதும் என்கிறார்கள். போதாது. கோப்பைக்கு வந்த சாயம் ஏற்கெனவே சூடு இறங்கியது, பாலை விட்டதும் இன்னும் இறங்கிவிடும்.

தயிர் பற்றி. நல்ல சட்டித் தயிர் எருமைப் பாலை முதலில் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு உறை ஊற்றிச் செய்வது. புதுச் சட்டி தண்ணீரை உறிஞ்சிவிடுவதால்தான் கத்தியால் வெட்டுகிற மாதிரிக் கட்டியாக வருகிறது. காய்ச்சிய பாலில் செய்த தயிர் நல்ல உணவு, மச்சாள் தாராளமாகச் சாப்பிடலாம். புளிப்பு பெரும்பாலான கிருமிகளை அடக்கிவிடும். எல்லாவற்றையும் கொல்லும் என்று மட்டும் எண்ண வேண்டாம். லிஸ்டீரியாவும் ஈ கோலை ஓ157உம் புளிப்பை ஓரளவு தாங்கும். பச்சைப் பாலிலேயே உறை ஊற்றியிருந்தால் பச்சைப் பால் போலவே பாருங்கள். கித்துள் பாணியோடு தின்ன ஆசையாக வாங்கும்போது ஒரு தடவை கேட்டுவிடுங்கள், "பாலைக் காய்ச்சினீங்களா?" என்று. காகிதத்தை அவிழ்த்ததும் மேலே பச்சையோ கறுப்போ பூத்திருந்தால் மேற்பகுதியை வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம், முழுதையும் விட்டுவிடுங்கள்.

சீஸில் விதி எளிது. செடார், பாமசான் போன்ற கட்டிச் சீஸ் பரவாயில்லை. பாமசான் பச்சைப் பாலில்தான் செய்கிறார்கள், ஆனால் குறைந்தது 12 மாதம் முதிர விடுவதால் தண்ணீரும் குறைவு, உப்பும் இருக்கிறது, கிருமிக்கு இடமில்லை. மேலே வெள்ளைப் பூஞ்சணம் படிந்த பிரீ, கமம்பேர், நீல நரம்போடிய சீஸ் வகைகளை மச்சாள் தவிர்க்கட்டும். பாஸ்டரைஸ் பாலில் செய்திருந்தாலும் தவிர்ப்பதே நல்லது. ஈரமும் புளிப்புக் குறைவும் உள்ள அந்தச் சீஸில் லிஸ்டீரியா நன்றாக வளரும், பிரிட்ஜ் குளிரிலும் வளரும். ஆவி பறக்க வேகவைத்த உணவில் சேர்ந்திருந்தால் பயமில்லை. பாரிசில் இருந்து வரும் சொந்தக்காரர் சீஸ் கொண்டுவந்தால் உறையைப் பாருங்கள், "லே க்ரூ" என்று பிரெஞ்சில் போட்டிருந்தால் அது பச்சைப் பால். பனீர் கடையில் வாங்கினால் சமைத்துச் சாப்பிடுங்கள்.

கோயில் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அபிஷேகத்துக்கு வரும் பால் பச்சைப் பாலாக இருக்கலாம். பக்கற் பாலாக இருந்தாலும் கூட்டத்தில், சூட்டில், பல கை பட்டு, விக்கிரகத்தில் வழிந்து, பாத்திரத்தில் சேர்ந்து வருவது. பஞ்சாமிர்தமும் பஞ்சகவ்வியமும் அப்படியே. மச்சாள் அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றித் தலையில் தெளித்துக்கொள்ளட்டும், குடிக்க வேண்டாம். அம்பாள் கோபிக்க மாட்டா. சர்க்கரைப் பொங்கல் வெந்த பிரசாதம், சூடாகக் கொடுத்தால் நிறையவே சாப்பிடலாம்.

சட்டத்தைப் பற்றி. இலங்கையில் அடிப்படை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். உடல்நலத்துக்குக் கேடான, மனிதர் உண்ணத் தகுதியற்ற, கலப்படமான உணவை விற்பது அதன்படி குற்றம். பொதி செய்த உணவுக்குச் சுட்டுத்துண்டு (லேபல்) ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உற்பத்தியாளர் முகவரி எல்லாம் உறையில் இருக்க வேண்டும். இதை வெறும் அச்சு வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு தொகுதி கெட்டுப்போனால் எங்கே போயிருக்கிறது என்று தேடிப்பிடித்துத் திரும்ப எடுக்க அந்த இலக்கம்தான் உதவும். பழைய மென்பானப் போத்தலில் வரும் பாலுக்கு அப்படி ஒரு தடயமும் இல்லை. கடையில் காலாவதியான பால், அணைத்துவைத்த குளிர் அலுமாரி, உப்பிய பை கண்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லலாம். கொழும்பு மாநகர எல்லைக்குள் என்றால் மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம். பற்றுச்சீட்டையும் பையையும் எறியாமல் வைத்திருங்கள், பையைக் கழுவவும் வேண்டாம்.

கடைசியாக, ஹோமாகமக்காரரிடம் வாங்குவதை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். இந்த நாட்டில் நாங்கள் இறக்குமதிப் பால்மாவை நம்பியே தேநீர் குடிக்கிறோம். 2021இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். இரண்டு மூன்று மாடு வைத்துக் கறந்து கொடுக்கும் ஒருவரைக் கைவிடச் சொல்ல என்னால் முடியாது. அவரிடம் நட்பாகச் சில விஷயம் கேளுங்கள்: மாட்டுக்குக் கால்நடை வைத்தியர் எப்போது பார்த்தார், நாள் நிறையும் முன்பே கன்று போட்டது உண்டா, ஊசி போட்ட நாட்களில் பாலை என்ன செய்கிறார். நல்ல மனிதர் என்றால் சந்தோஷமாகச் சொல்வார். பிளாஸ்டிக் போத்தலுக்குப் பதிலாக, சுடுநீரில் கழுவக்கூடிய அகன்ற வாய் எவர்சில்வர் தூக்கு ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுங்கள். காலைப் பாலைக் கறந்ததும் முதலில் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். பால் வந்ததும் நேரே அடுப்பில் ஏற்றுவது மாமியின் பொறுப்பாக இருக்கட்டும். அவருடைய அம்மா செய்ததும் அதைத்தான் என்று அவருக்கு ஞாபகப்படுத்துங்கள், வீடியோவைக் காட்டி வாதாடுவதைவிட அது விரைவாக வேலை செய்யும்.